வலி குறைந்தால் நோய் குறைந்ததா? குடல்வால் அழற்சியின் கடுமையை முன்னறிதல்

வயிற்றுவலியால் துன்புறுபவரை அழைத்துவரும் உறவினர்கள் எங்களிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். "இது குடல்வால்தானா, டாக்டர்?" என்பது முதலாவது. "வெடித்துவிடுமா?" என்பது இரண்டாவது. ஒன்றுபோலத் தோன்றினும் மருத்துவத்தில் இவை தனித்தனிக் கேள்விகள். நோய் இன்னதென்று கண்டறிவது முதற்கேள்வி. கண்டறிந்த நோய் இப்போது எந்த நிலையில் உள்ளது, அடுத்த சில மணி நேரத்தில் எப்படிப் போகும் என்று கணிப்பது இரண்டாவது. இவ்விதழில் இரண்டாவது கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

கொல்லிமலை வாசகர்களை, குறிப்பாகத் திருப்புலி நாட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் வருவோரை, மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம். நகரத்தில் வாழ்பவர் ஐயம் எழுந்தால் அரைமணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து காட்டிவிட்டுத் திரும்பலாம். மலையில் வாழ்பவருக்கு அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்கே ஒரு பயணம் வேண்டியிருக்கிறது. சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அதன்பின் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ செல்லும் சாலை. இரவு இரண்டு மணிக்கு வலி தொடங்கினால், இப்போதே இறங்குவதா, விடியட்டும் என்று இருப்பதா என்பதை முடிவு செய்பவர் மருத்துவர் அல்லர். வீட்டில் இருக்கும் நீங்கள்தாம். ஆகவே, நாங்கள் எந்தக் குறிகளைக் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்கிறோம் என்பதை நீங்களும் அறிந்திருத்தல் நலம்.

குடல்வாலுக்குள் நடப்பது என்ன?

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில், சுண்டுவிரல் போலத் தொங்கும் சிறு குழாயே குடல்வால். இதன் நீளம் பெரும்பாலோருக்கு 6 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். ஒரு முனை பெருங்குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். திறந்த வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லை. இறுகிக் கல்லாகிப்போன மலத்துணுக்கு அவ்வாயை அடைக்கலாம். நோய்த்தொற்றின்போது குடல்வாலின் சுவரில் உள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்கியும் அடைக்கலாம். கொய்யா விதையோ மிளகோ தலைமுடியோ விழுங்கியதால் வந்தது என்று பலர் எங்களிடம் சொல்வதுண்டு. அவ்வாறு நேர்வது மிக அரிது. மிளகு விளையும் மலையில் மிளகை இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

அடைபட்ட குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, சுவர் வீங்குகிறது. இந்நிலையைச் சிக்கலற்ற அழற்சி என்கிறோம். அழுத்தம் மேலும் ஏறினால் சுவருக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு, அப்பகுதி கறுத்து அழுகுகிறது. பின்னர் அழுகிய இடத்தில் ஓட்டை விழுந்து, சீழும் மலநீரும் வயிற்றறைக்குள் கசிகின்றன. மக்கள் "வெடித்துவிட்டது" என்று சொல்வது இதனையே. அழுகல், ஓட்டை, சீழ்க்கட்டி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிக்கலான அழற்சி என்று வகுக்கிறோம்.

எல்லாக் குடல்வால் அழற்சியும் இந்தப் படிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறித்தான் தீரும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணிவந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்னும் நோய்க்குறியியல் மருத்துவர், 1886-இல் இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டி, காலம் தாழ்த்தாமல் அறுவை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய அறிவுரை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் இன்றைய புரிதல் சற்று வேறுபட்டது. சிலருக்கு அழற்சி சிக்கலற்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. மருந்திலேயே அடங்குவதும் உண்டு. வேறு சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே அழுகலை நோக்கி விரைகிறது. உங்கள் முன் படுத்திருப்பவர் இவ்விரு வகையில் எவ்வகை என்பதை அறிவதுதான் கடுமையை முன்னறிதல் எனப்படுகிறது.

வலி செல்லும் வழி

குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று விரல்வைத்துக் காட்ட இயலாத மந்தமான வலியாகத் தொடங்குகிறது. "வாயுப் பிடிப்பு", "சூட்டு வலி", "குடலேற்றம்" என்றெல்லாம் வீட்டில் பெயர் வைப்பது இக்கட்டத்தில்தான். குடல்வாலின் உட்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகள், தொப்புட்பகுதித் தோலுக்குரிய நரம்புகள் சேரும் அதே இடத்தில் தண்டுவடத்தை அடைவதால் மூளை இடத்தைத் தவறாக உணர்கிறது. சில மணி நேரம் கழித்து அழற்சி குடல்வாலின் வெளிப்புறத்தை எட்டி, வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடுகிறது. அச்சவ்வுக்கு இடம் தெரியும். அப்போது வலி வலப்பக்கக் கீழ்வயிற்றுக்கு இறங்கி, ஓரிடத்தில் நிலைகொள்கிறது. இருமினாலும் தும்மினாலும் திரும்பிப் படுத்தாலும் அவ்விடத்தில் சுருக்கென்று குத்துகிறது. நோயாளி வலியால் புரண்டு துடிக்காமல், கால்களை மடக்கி அசையாது கிடப்பது இதனாலேயே. சிறுநீரகக் கல்லால் வலிப்பவர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். எழுவார், நடப்பார், உருள்வார். இந்த வேறுபாட்டை வீட்டில் இருப்பவர் எளிதில் காணலாம்.

வரிசையும் முக்கியம். முதலில் வலி, பின்னர் பசியின்மை, அதன்பின் குமட்டலும் ஓரிரு முறை வாந்தியும், பிறகு இலேசான காய்ச்சல் என்பதே வழக்கமான ஒழுங்கு. பலாப்பழம் என்றால் உயிரை விடும் பிள்ளை, சுளையை உரித்துக் கையில் கொடுத்தாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாங்கள் அதைக் குறித்துக்கொள்கிறோம். வாந்தியும் பேதியும் முதலில் தோன்றி, வலி பின்னால் வந்தால் உணவு ஒவ்வாமையோ குடல் தொற்றோ என்று எண்ண இடமுண்டு. ஆயினும் இது மாறாத விதியன்று. குடல்வால் எல்லோருக்கும் ஒரே திசையில் தொங்குவதில்லை. சிலருக்கு அது பெருங்குடலின் பின்புறம் ஒளிந்திருக்கும். அவர்களுக்கு இடுப்பின் பக்கவாட்டிலும் முதுகிலும் வலிக்கும், முன்வயிற்றை அழுத்தினால் பெரிதாக வலிக்காது. சிலருக்கு இடுப்புக்குழிக்குள் இறங்கியிருக்கும். அவர்களுக்கு அடிக்கடி சிறிது சிறிதாகப் பேதியாகும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கும். பேதி மாத்திரை வாங்கிக் கொடுத்து மூன்று நாள் கழிந்து வருபவருள் இவ்வகையினரைக் காண்கிறோம்.

இனி, இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். வலியின் அளவு நோயின் அளவைக் காட்டுவதில்லை. இரவெல்லாம் கடுமையாக வலித்து, விடியற்காலையில் திடீரென வலி தணிந்தால், "சாமி புண்ணியத்தில் குறைந்துவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் அடைபட்ட குழாயில் ஓட்டை விழும்போது உள்ளழுத்தம் தணிகிறது. அதனால் வலியும் சிறிது நேரம் தணிவதுண்டு. பின்னர் சீழ் பரவப் பரவ வலி வயிறு முழுவதும் விரிகிறது, வயிறு பலகை போல இறுகுகிறது, நாடி விரைகிறது, காய்ச்சல் குளிர்நடுக்கத்தோடு ஏறுகிறது. உண்மையில் நலமடைபவருக்கு வலி குறைவதோடு பசியும் திரும்பும், காய்ச்சல் இறங்கும், நிமிர்ந்து நடக்க முடியும். வலி மட்டும் குறைந்து, முகம் வாடி, நாக்கு வறண்டு, நாடி ஓடுமானால் அது நலம் அன்று. அந்நிலையில் உடனே புறப்பட வேண்டும்.

நேரம் என்னும் அளவுகோல்

எந்த ஆய்வகச் சோதனைக்கும் முன்பாக நாங்கள் கேட்பது, "வலி எப்போது தொடங்கியது?" என்பதே. "நேற்றிலிருந்து" என்னும் விடை எங்களுக்குப் போதாது. நேற்றுக் காலைக் கஞ்சிக்கு முன்பா, இரவு படுத்த பிறகா என்பது வேண்டும். நியூயார்க்கில் அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது. வலி தொடங்கி 36 மணி நேரத்திற்குள் சிகிச்சை பெற்றவர்களிடம் குடல்வால் ஓட்டையாகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அல்லது அதற்கும் குறைவாக இருந்தது. அதற்குப் பின்னர், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு 12 மணி நேரத்திற்கும் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 5 என்ற அளவில் இருந்தது.

மலையில் இருப்பவருக்கு இக்கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பதற்றத்தில் நள்ளிரவு மூடுபனியில் இருசக்கர வண்டியில் நோயாளியை இருவருக்கு நடுவே அமர்த்தி வளைவுகளில் விரைய வேண்டியதில்லை. 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் உண்டு. அதே வேளையில், "இன்னும் ஒருநாள் பார்ப்போம்" என்று இரண்டாம் இரவையும் கடத்துவதற்கு நேரம் இல்லை. வலி தொடங்கிய முதல்நாளிலேயே ஒரு மருத்துவரின் கை நோயாளியின் வயிற்றில் பட்டிருக்க வேண்டும். செம்மேட்டு அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ முதற்பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இந்த 36 மணி நேரக் கணக்கை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். சிறு குழந்தையால் வலியின் இடத்தைச் சொல்ல இயலாது. குடல்வாலின் சுவர் மெல்லியது. வயிற்றுக்குள் தொற்றைச் சூழ்ந்து தடுக்கும் கொழுப்புத் திரையும் முழுமையாக வளர்ந்திராது. ஆகவே அவ்வயதினரில் பெரும்பாலோர் எங்களிடம் வந்துசேரும்போதே ஓட்டை விழுந்திருக்கிறது. முதியோருக்கு வலியும் காய்ச்சலும் குறைவாகவே தோன்றும். உள்ளே நோய் முற்றியிருக்கும். நீரிழிவு உடையோர்க்கும் இது பொருந்தும். கர்ப்பிணிகளிடம் ஓட்டை விழுந்தால் கருவுக்கும் ஆபத்து மிகும். எனவே இந்நால்வகையினரையும் வலி தொடங்கிய அன்றே அழைத்துவர வேண்டும்.

மருத்துவமனையில் நாங்கள் கூட்டும் கணக்கு

1986-இல் அல்ஃபிரெடோ அல்வராடோ என்னும் அறுவை மருத்துவர், 305 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து பத்து மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கை வகுத்தார். வலி இடம் மாறுதல், பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, கையை அழுத்தி எடுக்கும்போது வலித்தல், உடல் வெப்பம் உயர்தல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். வலக்கீழ் வயிற்றில் தொடுவலிக்கு இரண்டு. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியிருந்தால் இரண்டு. அவற்றுள் நியூட்ரோஃபில் வகை மிகுந்திருந்தால் மேலும் ஒன்று. இக்கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. புருனேயின் ரிபாஸ் மருத்துவமனையில் ஆசிய மக்களுக்கென வகுக்கப்பட்டு 2010-இல் வெளியான வேறொரு கணக்கில், வயது, பாலினம், நோயின் கால அளவு, சிறுநீர்ச் சோதனை முதலியனவும் சேர்க்கப்பட்டன. அதில் வெளிநாட்டவர் என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு! அந்நாட்டின் நிலைமைக்கு அது பொருந்தியிருக்கலாம். நமக்கு அது வேண்டியதில்லை.

இவ்விரண்டும் முதற்கேள்விக்கு உரியவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அல்வராடோ கணக்கில் 9 வாங்கியவருக்குக் குடல்வால் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்லலாம். அவருடைய குடல்வால் வெடித்துவிட்டது என்று அதைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. கடுமையை அறிய வேறு கணக்கு வேண்டும். நெதர்லாந்து மருத்துவர்கள் 2015-இல் அத்தகைய ஒன்றை வெளியிட்டனர். வயது 45-ஐ எட்டியிருத்தல், உடல் வெப்பம், அறிகுறிகள் 48 மணி நேரத்தைக் கடந்திருத்தல், வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, இரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவு ஆகியவற்றோடு, ஸ்கேனில் குடல்வாலுக்கு வெளியே காற்றோ நீரோ தெரிகிறதா, உள்ளே மலக்கல் இருக்கிறதா என்பனவும் அதில் இடம்பெறுகின்றன. சி.டி. ஸ்கேனோடு சேர்த்துக் கூட்டும்போது 22-க்கு 6 அல்லது அதற்குக் குறைவாக மதிப்பெண் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு நோய் சிக்கலற்றதாகவே இருந்தது.

இவற்றுள் சி.ஆர்.பி. பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உறவினர்கள் மனம் வருந்தும் இடம் இதுவாகவே இருக்கிறது. அழற்சி தொடங்கியதும் வெள்ளையணுக்கள் முதலில் ஏறும். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் சேர வேண்டியிருப்பதால் அது ஏறுவதற்கு ஏறக்குறைய அரைநாள் ஆகும். வலி தொடங்கி நான்கு மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால் அதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாம் நாளில் அது 100-ஐத் தாண்டியிருந்தால் உள்ளே அழுகலோ ஓட்டையோ இருக்கக்கூடும் என்று கருதுகிறோம். ஆகவே மாலையில் எடுத்த சோதனையை மறுநாட்காலை மீண்டும் எடுக்கச் சொல்கிறோம். "நேற்றுத்தானே இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எதற்கு?" என்ற கேள்விக்கு இதுவே விடை. ஒரு தனி எண்ணைக் காட்டிலும், எண் எத்திசையில் நகர்கிறது என்பது எங்களுக்குப் பயன்படுகிறது.

வழக்கமான இரத்தச் சோதனைகளில் மேலும் இரண்டு குறிகள் உள்ளன. காமாலையைக் காட்டும் பிலிருபின், கல்லீரல் நோய் ஏதுமில்லாதவருக்குச் சற்று உயர்ந்திருந்தால் குடல்வால் அழுகியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. குடலிலிருந்து நுண்ணுயிர்களும் அவற்றின் நச்சும் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைவதால் இது நேர்கிறது. இரத்தத்தில் சோடியம் உப்பு 135-க்குக் கீழே இறங்கியிருப்பதும் இவ்வாறே சிக்கலான நோயோடு தொடர்புடையதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரண்டுமே தனித்து நின்று முடிவு சொல்லும் ஆற்றல் உடையவை அல்ல. கைப்பரிசோதனையில் ஐயம் இருக்கும்போது துணைநிற்பவை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல்வால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால் அழற்சி என்று கொள்கிறோம். "குடல்வால் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று பொருளன்று. குடலில் உள்ள காற்று மறைத்திருக்கலாம். அப்போது பெரியவர்களுக்குச் சி.டி. ஸ்கேன் துணைபுரியும். கதிர்வீச்சைக் கருதி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயன்றவரை அதைத் தவிர்க்கிறோம்.

பெண்களிடம் மாதவிலக்கு நாளைக் கேட்பதும், மணமானவரிடம் கர்ப்பச் சோதனை செய்வதும் பண்பற்ற செயல் அல்ல. கருப்பை இணைக்குழாயில் தங்கிய கருவும், முறுக்கிக்கொண்ட சினைப்பைக் கட்டியும் இதே இடத்தில் இதே போல வலிக்கும். அவையும் உயிருக்கு ஆபத்தானவை. வளரிளம் பருவப் பையன்கள் விதைப்பையில் தோன்றும் வலியைக் கூச்சத்தால் வயிற்றுவலி என்று சொல்வதுண்டு. விதை முறுக்கிக்கொண்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அதை விடுவிக்க வேண்டும். தந்தையரோ மாமன்மாரோ தனியே அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

மலைப்பாதை தரும் குழப்பமும் உதவியும்

கொல்லிமலையிலிருந்து வருவோரிடம் நாங்கள் கேட்கும் ஒரு கேள்வி, சமவெளி நோயாளிகளிடம் கேட்பதில்லை. "வாந்தி வீட்டிலேயே வந்ததா, வளைவுகளில் வந்ததா?" எழுபது வளைவுகளில் இறங்கும்போது நோயற்றவருக்கே குமட்டும். அவ்வாந்திக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டால் கணக்கு பிழையாகும். ஆகவே புறப்படும் முன்னரே வாந்தி இருந்ததா என்பதை உடன் வருபவர் நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும்.

அதே பாதை ஒரு வகையில் உதவியும் செய்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனை மருத்துவர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேடிக்கை போலத் தோன்றும், ஆனால் பயனுள்ள ஆய்வு. குடல்வால் அழற்சி என்ற ஐயத்தோடு வந்தவர்களில், வரும் வழியில் வேகத்தடைகளைக் கடந்த 64 பேரிடம், வண்டி ஏறி இறங்கியபோது வலி மிகுந்ததா என்று கேட்டனர். நோய் உறுதியான 34 பேரில் 33 பேர் மிகுந்தது என்றனர். ஆயினும் நோய் இல்லாதவர்களிலும் பலருக்கு அவ்வாறே வலித்திருந்தது. எனவே குலுங்கும்போது வலித்தால் குடல்வால்தான் என்று உறுதி கூற முடியாது. மேடுபள்ளமான சாலையில் குலுங்கியும் சிறிதும் வலிக்கவில்லை என்றால் குடல்வாலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. குலுங்கும் வண்டியில் நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டாரா, பேசிக்கொண்டே வந்தாரா என்று நாங்கள் கேட்பது இதற்காகவே.

புறப்படும் முன் செய்யக் கூடாதவை சில உண்டு. விளக்கெண்ணெய் போன்ற பேதி மருந்துகளைக் கொடுத்தலும் எனிமா வைத்தலும் ஆபத்தானவை. அடைபட்ட குடல்வாலின்மேல் குடலின் இயக்கத்தை மிகச்செய்து ஓட்டையை விரைவுபடுத்தக்கூடும். குடலேற்றம் என்று எண்ணி வயிற்றைத் தேய்த்து உருவுதல், கால்களைப் பிடித்து உதறுதல் ஆகியனவும் வேண்டா. சூடான ஒத்தடம் வேண்டா. உணவு கொடுக்க வேண்டா. அறுவை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு வெறும் வயிறே பாதுகாப்பு. நா வறண்டால் நீரால் உதட்டை நனைக்கலாம். நாள்தோறும் உட்கொள்ளும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கையோடு கொண்டுவாருங்கள்.

மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையோ, போட்டுக்கொண்ட ஊசியோ இருந்தால் அதன் அட்டையையும் நேரத்தையும் காட்ட வேண்டும். பாராசிட்டமால் உட்கொண்டவருக்குக் காய்ச்சல் தெரியாது. ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று போட்டிருந்தாலும் வயிற்றின் குறிகள் மங்கிவிடும். திட்டுவோம் என்று அஞ்சி மறைப்பவர் உண்டு. நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. 99 டிகிரி என்று காட்டும் வெப்பமானியை நம்பலாமா கூடாதா என்பதை அறியவே கேட்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்து வாருங்கள். அதைத் தேடுவதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டா. பின்னால் வருபவர் கொண்டுவரலாம்.

கணித்த பிறகு

நோய் சிக்கலற்றது என்று கணித்தால் உடனடியாக அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. பின்லாந்திலும் நார்வேயிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்திற்குள் அறுவை செய்யத் திட்டமிட்டவர்களுக்கும் 24 மணி நேரத்திற்குள் திட்டமிட்டவர்களுக்கும் ஓட்டையான விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: நூற்றுக்கு 8, நூற்றுக்கு 9. இரவு பதினொரு மணிக்குச் சேர்ந்தவருக்குக் காலையில் அறுவை என்று சொன்னால், அது அலட்சியம் அன்று. இரவு முழுவதும் நரம்பு வழியே மருந்து செல்கிறது. நாடியும் வயிறும் மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகின்றன. இந்தக் கணக்கு மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு உரியது. வீட்டில் காத்திருப்பதற்கு இதைக் காரணமாகக் கொள்ளக் கூடாது.

அறுவையின்றி மருந்தாலேயே குணமாக்கலாமா என்று கேட்போருக்கு நேரான விடை இது: சிக்கலற்ற நோயில் இயலும், ஆனால் மீண்டும் வரக்கூடும். அமெரிக்காவில் 1,552 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவை வேண்டியிருந்தது. மலக்கல் இருந்தவர்களில் பத்தில் நால்வருக்கு வேண்டியிருந்தது. பின்லாந்து ஆய்வொன்றில் ஐந்தாண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. நகரத்தில் வாழ்பவர் இதை ஏற்றுக்கொள்ளலாம். திருப்புலி நாட்டில் வாழ்பவருக்கு, அடுத்த முறை வலி அடைமழை இரவில் வரக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். எங்கள் கருத்தில், தொலைவில் வாழும் இளவயதினருக்கு, குறிப்பாக மலக்கல் இருப்பவருக்கு, நுண்துளை அறுவையே ஏற்றது. முடிவு நோயாளியுடையது.

நான்கைந்து நாள் கழித்து வந்து, வலக்கீழ் வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டியாக நோய் திரண்டிருந்தால் நிலைமை வேறு. கொழுப்புத் திரையும் குடல்களும் சூழ்ந்து சீழைப் பரவவிடாமல் அடைத்திருக்கும். அப்போது அவசரப்பட்டுத் திறந்தால் குடலுக்கே காயம் நேரலாம். ஆகவே முதலில் மருந்து கொடுத்து, சீழ் பெரிதாக இருந்தால் ஸ்கேன் துணையுடன் குழாய் வைத்து வடிக்கிறோம். 1902-இல் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்கு இந்நோய் கண்டபோதும், மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் சீழை மட்டும் வடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விழா ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நாற்பது வயதைக் கடந்தவருக்கு இத்தகைய கட்டி தோன்றினால், குணமான சில வாரங்களுக்குப் பின் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டும். அங்கே புற்றுநோய் மறைந்திருப்பது சிலருக்கு இவ்வாறு வெளிப்படுகிறது.

ஓட்டை விழுந்தவர்கள் சிக்கலற்றவர்களைவிடக் கூடுதல் நாட்கள் தங்க நேரிடும். வீடு திரும்பிய பிறகும் முதல் இரண்டு வாரங்களில் காய்ச்சல் மீண்டும் ஏறுதல், வயிறு உப்புதல், அடிக்கடி மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு, காயத்தில் சீழ் கசிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த சந்தை நாள்வரை காத்திராமல் வர வேண்டும். வயிற்றுக்குள் சீழ் மீண்டும் கூடியிருக்கலாம். எடுக்கப்பட்ட குடல்வாலை நாங்கள் பயாப்சி சோதனைக்கு அனுப்புகிறோம். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அதில் சிறு கட்டி இருப்பது நுண்ணோக்கியில்தான் தெரியவரும். தையல் பிரிக்க வரும் நாளில் அவ்வறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தையல் தானே கரைந்துவிடும் என்பதால் வரத் தேவையில்லை என்று எண்ணுபவரும் அறிக்கைக்காக ஒருமுறை வர வேண்டும். நோயாளி வேலைக்குத் திரும்பியிருந்தால் வீட்டில் ஒருவர் மருத்துவமனைச் சீட்டோடு வந்தால் போதும்.